கொடி மட்டும் செழித்த வருஷம்

ஜூன் 26, 1964

கும்ஜாவின் அப்பாவுக்கு,

முதலில் இருமலைப் பற்றிக் கேட்டுவிடுகிறேன். போன கடிதத்தில் அதைக் கேட்காமல் பன்றி செத்த கதையில் ஆரம்பித்துவிட்டேன் என்று குறைப்பட்டிருந்தீர்கள். இருமல் எப்படி இருக்கிறது? ஊசி போட்ட இடத்தில் வீக்கம் வடிந்ததா? ஆஸ்பத்திரியில் நாளுக்கு ஒரு முட்டை தருகிறார்கள் என்றால் அதை நீங்களே சாப்பிடுங்கள். பக்கத்துக் கட்டில்காரருக்குப் பாதி கொடுக்கிற தர்மத்தையெல்லாம் குணமாகி வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் மூன்று பேரும் சுகம். தோங்சுவுக்கு நாலு வயது முடிந்தும் இன்னும் என் முதுகில்தான் தொங்குகிறான். கும்ஜா வகுப்பில் கணக்கில் முதல். பதினொரு வயசுப் பெண் கணக்கில் முதலாக வந்து என்ன செய்யப்போகிறாள் என்று ஊரில் கேட்கிறார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

பார்லிதான் கைவிட்டுவிட்டது. கதிரில் பால் பிடிக்கிற நேரம் பார்த்து மழை கொட்டித் தொலைத்தது. ஏழு மூட்டை வரவேண்டிய இடத்தில் மூன்று மூட்டைதான். இழுத்துப் பிடித்தால் செப்டம்பர் பாதி வரை தாங்கும். அதற்கப்புறம் சர்க்கரைவள்ளிக் கிழங்கை விட்டால் வேறு கதி இல்லை. மேட்டு நிலம் முழுக்கக் கொடி நட்டுவிட்டேன். நட்ட அன்றைக்கே மழை வந்தது, அந்த மட்டில் புண்ணியம்.

உங்களிடம் ஒன்று மறைக்கக்கூடாது. பக்கத்து வீட்டு ஹேனாம்காரி போன வாரம் வந்து உட்கார்ந்தாள், வழக்கம்போல என்னைப் பிறந்த ஊர்ப் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாள். "ஏடி வாந்தோக்காரி, குவாங்ஜு டவுனுல ஒரு பல் டாக்டர் வீடு. கைக்கொழந்தையத் தூக்கி வச்சுக்க ஒரு பொண்ணு வேணுமாம். மூணு வேளையும் வெள்ளச் சோறு. ஒங்க கும்ஜா போனா ஒனக்கும் ஒரு வாய் கொறையும்ல?" என்றாள். எம் பிள்ளை வாய் எனக்குப் பாரமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் மறுபடி வந்தாள். போன குளிர்காலத்தின் கடைசி இருபது நாளை எப்படி ஓட்டினோம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். அக்டோபரில் கிழங்கு தோண்டுவேன். உள்ளறையில் சோளத்தட்டை வரிந்து கட்டிய குதிர் இருக்கிறதே, அது கும்ஜாவின் நெஞ்சு உயரத்துக்கு நிறைந்தால் அவள் எங்கேயும் போகமாட்டாள். நிறையாவிட்டால் போவாள். அதுவரைக்கும் டாக்டர் வீட்டுக்காரி பொறுத்துக்கொள்வாளாம்.

ஆகவே உங்கள் பக்கத்துக் கட்டில் சோ வாத்தியார் சொன்னதாக நீங்கள் எழுதியதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. விவசாயப் பள்ளியில் பாடம் நடத்தியவர் சும்மாவா சொல்வார்? இலைதான் சமைக்கிறது, கிழங்கு வெறும் பானை, இலையைக் கிள்ளாதே, கொடியைப் புரட்டாதே, புரட்டினால் இலையெல்லாம் குப்புற விழுந்து திரும்ப வெயிலைப் பார்க்க ஒரு வாரம் ஆகும் என்று எழுதியிருந்தீர்கள். இந்தத் தீவில் கோடைக்கு மூன்று தடவை கம்பை எடுத்துக்கொண்டு கொடி புரட்டாத பெண்பிள்ளை கிடையாது. நான் மட்டும் புரட்டாமல் இருந்தால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

வாத்தியார் கேட்டபடி கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளில் பத்து இலையை வரைந்து அனுப்பியிருக்கிறாள் கும்ஜா. இலையைப் பறிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மண்ணில் குப்புறப் படுத்து, கொடியில் இருக்கிற இலைக்கு அடியில் தாளைச் செருகி வரைந்தாள். சட்டையெல்லாம் சேறு. படுத்த படுக்கையில் கட்டத்தை எண்ணுவது உங்கள் இருவருக்கும் பொழுது போக்காக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கும்ஜாவின் அம்மா


ஆகஸ்ட் 11

கும்ஜாவின் அப்பாவுக்கு,

காய்ச்சல் சாயங்காலத்தில் மட்டும்தான் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதில் "மட்டும்தான்" என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டரிடம் சொன்னீர்களா?

இங்கே வந்து நம் மேட்டு நிலத்தை ஒரு தடவை பார்த்தால் உங்கள் காய்ச்சல் தானாக இறங்கிவிடும். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. மேடு கட்டிய பாருக்கும் பாருக்கும் நடுவே மண் கண்ணுக்குத் தெரியவில்லை. என் முழங்கால் வரை இலை. படகில் போகிறவர்கள்கூட இது யார் நிலம் என்று கேட்கிறார்களாம். யாருடையது, நோயாளி பெண்டாட்டி நிலம்தான் என்று பதில் சொல்கிறார்களாம். சொல்லட்டுமே.

ஒரு காம்புகூடப் பறிக்கவில்லை. இந்த மாதத்தில் வள்ளிக் காம்பை உரித்துக் கிம்ச்சி போடாத வீடு இந்த ஊரில் நம் வீடு ஒன்றுதான். ஹேனாம்காரி வீட்டில் போட்டிருக்கிறாள். பூண்டும் மிளகாயும் வாசனை சுவர் தாண்டி வருகிறது. தோங்சு அந்தச் சுவரடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். அவள் ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தபோது சொன்னாள், "ஏடி, எலையப் பாத்துக்கிட்டே பசியாறலாம்னு இருக்கியா? எலைக்குப் பூசை போடுற பொம்பளைய இப்பத்தாண்டி பாக்குறேன்." எனக்குச் சுருக்கென்றது. கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். பிள்ளைகள் தின்றார்கள்.

நான் இன்னொரு வேலையும் செய்திருக்கிறேன். இலை அவ்வளவு முக்கியம் என்றால், இலை கூடக் கூடக் கிழங்கும் கூடத்தானே செய்யும்? இதை வாத்தியார் வந்து சொல்லவேண்டுமா என்ன? கக்கூஸ் தொட்டியில் ஊறினதையும் செத்த பன்றியின் கொட்டில் சாணத்தையும் கரைத்துக் காவடியில் தூக்கிப்போய் ஊற்றினேன். ஜூலையில் மட்டும் நாற்பத்தாறு நடை. தோள்பட்டை காய்ப்புக் காய்த்துவிட்டது. கல் சுவர் ஓரத்து மூலை மட்டும் பாக்கி. அங்கே சரிவு, காவடியோடு ஏற முடியவில்லை.

வேளாண்துறையிலிருந்து சைக்கிளில் வருகிற யாங் தம்பி நின்று பார்த்தான். "அக்கா, கொடி ரொம்ப மதமதன்னு போகுதே?" என்று தலையைச் சொறிந்தான். கண் வைக்காதே தம்பி என்று சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

பார்லி நினைத்ததைவிடச் சீக்கிரம் குறைகிறது. கஞ்சியில் தண்ணீர் கூடிவிட்டது, அவ்வளவுதான். நீங்கள் கவலைப்பட வேண்டாம். கும்ஜா தினமும் குதிர் பக்கத்தில் நின்று தன் நெஞ்சு உயரத்தை அளந்து பார்க்கிறாள். அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஹேனாம்காரி வாய் சும்மா இருக்குமா? பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வளராம இருக்கணும்மா, வளந்தா குதிரை இன்னும் மேல வரைக்கும் நெறைக்கணுமே என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இந்தத் தடவை இலையோடு, ஓர் அடிக்கு ஓர் அடி மண்ணின் மேல் எத்தனை இலை இருக்கிறது என்றும் எண்ணி எழுதியிருக்கிறாள். தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு, எண்பத்தெட்டு. வாத்தியாரிடம் காட்டுங்கள். மெச்சுவார்.

கும்ஜாவின் அம்மா


செப்டம்பர் 20

கும்ஜாவின் அப்பாவுக்கு,

புயலில் ஒன்பது நாள் படகு வரவில்லை. உங்கள் இரண்டு கடிதங்களும் சேர்ந்து வந்தன. வாசலில் நின்றபடியே படித்தேன்.

படித்ததைச் சொல்வதற்கு முன் நான் செய்ததைச் சொல்லவேண்டும். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். எழுதாவிட்டால் நெஞ்சில் கிடந்து அரிக்கிறது.

பார்லி இம்மாதம் நாலாம் தேதியோடு தீர்ந்தது. நான் தினமும் நீர் வற்றும் நேரத்தில் கடற்பாசி பொறுக்கப் போகிறேன். ஒருநாள் அலை சரியில்லை என்று சீக்கிரம் திரும்பினேன். அடுப்பில் பானை கொதிக்கிறது. மூடியைத் திறந்தால் வள்ளிக் காம்பு. கும்ஜா கல் சுவர் மூலையில் பறித்து வந்து தவிட்டோடு வேகவைத்துத் தோங்சுவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். ஆகஸ்டு கடைசியிலிருந்து என்றாள். ஓங்கி அறைந்துவிட்டேன். ஒன்று இல்லை, இரண்டு. "ஒவ்வொரு எலைக்கும் கீழ ஒரு கெழங்கு இருக்குடி! நீ எலையப் பிய்க்கல, கெழங்கப் பிய்க்கிற! ஒனக்கு இந்த வீட்ல இருக்க இஷ்டமில்லையா?" என்று கத்தினேன். அவள் அழவில்லை. தம்பி வயிறு வலிக்கிறதென்று அழுதான் என்று மட்டும் சொன்னாள். தோங்சுதான் வாயில் காம்பை வைத்துக்கொண்டு கத்தி அழுதான்.

பானையைக் கொட்டவில்லை. மூன்று பேரும் அதைத்தான் தின்றோம். உப்பு நிறையப் போட்டிருந்தாள்.

இது நடந்து ஐந்தாம் நாள் உங்கள் கடிதங்கள் வந்தன. வாத்தியார் கட்டத்தை எண்ணிப் பெருக்கிப் பார்த்து முகம் மாறிப்போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். நிலத்தின் மேல் இலை மூன்றடுக்கு, மிஞ்சினால் நாலடுக்கு இருந்தால் போதுமாம். நம்முடையது ஏழடுக்காம். மேலே இருக்கிற இலை வெயிலையெல்லாம் குடித்துவிடும், கீழே இருக்கிறது இருட்டில் உட்கார்ந்துகொண்டு சமைக்காமல் தின்றுகொண்டு மட்டும் இருக்கும், கிழங்குக்கு எதுவும் இறங்காது, கொடியே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் என்று சொன்னாராம். தொட்டி உரம் கூடவே கூடாது, சாம்பல் போடு, நுனியைக் கிள்ளிவிடு, கொஞ்சம் இலையைப் பறித்துத் தின்று கலைத்துவிடு என்று எழுதச் சொன்னாராம். எழுதச் சொன்ன அன்று இரவே ரத்தம் கக்கி அவரை வேறு வார்டுக்குத் தூக்கிப்போய்விட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் எப்படி இருக்கிறார்? சாமியை வேண்டிக்கொள்கிறேன். பாவம், நல்ல மனுஷர்.

பறித்துத் தின்னச் சொல்கிறார். கேட்டீர்களா? பறித்துத் தின்னச் சொல்கிறார்!

உடனே நிலத்துக்கு ஓடினேன். இலையை இரண்டு கையாலும் விலக்கி உள்ளே பார்த்தேன். உள்ளே எல்லாம் மஞ்சள். அழுகல் நாற்றம். மண்ணில் வெயில் பட்டு ஒரு மாதம் இருக்கும். நான் ஒரு நாளாவது அப்படி விலக்கிப் பார்த்தேனா? மேலே பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். சாம்பலை அள்ளிப் போட்டேன், நுனியெல்லாம் கிள்ளினேன். இப்போது போய்க் கிள்ளி என்ன ஆகும் என்று யாங் தம்பியைக் கேட்டேன். "இன்னும் ஒரு மாசம் இருக்குல்லக்கா, பாப்போம்" என்றான். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டே அதைச் சொன்னான்.

இன்னும் ஒன்று. நாள் முழுக்க உங்கள் மேல் கோபமாக இருந்தேன். பாதி சேதியை ஜூனில் எழுதி மீதியைச் செப்டம்பரில் எழுதுகிற மனுஷனை என்ன செய்வது என்று அடுப்போடு பேசிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கோபம் போய்விட்டது. நீங்கள் இலையைக் கிள்ளாதே என்றுதான் எழுதினீர்கள். நாற்பத்தாறு நடை ஊற்று என்று எழுதவில்லை. அது என் சொந்தப் புத்தி.

கும்ஜாவின் அம்மா


அக்டோபர் 29

கும்ஜாவின் அப்பாவுக்கு,

போன கடிதம் வேறு கையெழுத்தில் வந்தது. நர்ஸம்மாவின் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஏன் அவர் எழுதினார் என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை. கை வலியா? படுக்கையில் சாய்ந்து எழுதச் சிரமமா? ஒரு வரி எழுதியிருந்தால் நான் இப்படிக் கண்டதையும் நினைக்கமாட்டேன்.

தோண்டியாயிற்று. உறைபனி இறங்கும் என்று ரேடியோவில் சொன்னார்கள் என்று யாங் தம்பி வந்து சொன்னான். மறுநாள் விடிந்ததும் அரிவாளால் கொடியை அறுத்தோம். கொடி மட்டும் பதினெட்டுச் சுமை. அறுத்துப் போட்ட கொடி மலை மாதிரி கிடந்தது. அதற்குள் ஊர்ப் பெண்கள் நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். இவ்வளவு கொடிக்கு எவ்வளவு கிழங்கு இருக்குமோ என்று ஒருத்தி வாயைப் பிளந்தாள்.

முதல் பாரில் மண்வெட்டியைப் போட்டேன். வேர். அடுத்த செடி. வேர். சுண்டுவிரல் பருமனில், எலி வால் மாதிரி நீள நீளமாக வேர். பத்துச் செடி தோண்டியபின் என் கை நின்றுவிட்டது. கும்ஜா என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி அவள் தோண்டினாள். நான் பாரின் மேல் உட்கார்ந்திருந்தேன். ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கிளம்பினார்கள். ஹேனாம்காரி மட்டும் போகாமல் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கித் தோண்டினாள். எவ்வளவு வாய் பேசுகிறவள், அன்றைக்கு ஒரு கேலி சொல்லவில்லை. கேலி பண்ணியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சண்டையாவது போட்டிருப்பேன்.

மொத்த நிலத்துக்கும் ஒன்றரை மூட்டை. ஹேனாம்காரி நிலம் நம்முடையதில் பாதி. கோடையில் மூன்று தடவை புரட்டினாள், காம்பு பறித்தாள், அடுப்புச் சாம்பலைத் தவிர ஒன்றும் போடவில்லை. பதினோரு மூட்டை. புரட்டாமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு மூட்டை கிடைத்திருக்கும் என்று யாங் தம்பி சொன்னான். அதைக் கேட்டு நான் சிரித்தேன், அவன் பயந்துபோனான்.

குதிருக்குள் கொட்டினோம். தோங்சுவின் முழங்காலுக்கு வந்தது.

ஹேனாம்காரி ஒரு மூட்டை தருவதாகச் சொன்னாள். அவளுக்கு ஐந்து பிள்ளைகள். வேண்டாம் என்றேன், பிறகு வாங்கிக்கொண்டேன். ஒரு மூட்டையால் எல்லாம் தீர்ந்துவிடாது, நம்முடையதோடு சேர்த்து அளந்து தின்றால் புது வருஷம் வரை வரும். பிறகு ஏப்ரல் இருக்கிறது, மே இருக்கிறது, அடுத்த பார்லி ஜூனில்தான். எல்லா விதமாகவும் கூட்டிப் பார்த்துவிட்டேன். எப்படிக் கூட்டினாலும் மூன்று பேருக்கு வரவில்லை. இரண்டு பேருக்கு இழுத்துப் பிடிக்கலாம். நீங்கள் இங்கே இருந்திருந்தால் வேறு வழி சொல்லியிருப்பீர்களோ என்னவோ. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வாத்தியார் கேட்டால் கிழங்கு சுமாராக வந்தது என்று சொல்லிவிடுங்கள். அவர் மனசை நோகடிக்க வேண்டாம்.

கும்ஜாவின் அம்மா


நவம்பர் 17

கும்ஜாவின் அப்பாவுக்கு,

வாத்தியார் செப்டம்பரிலேயே இறந்துவிட்டார் என்பதை இவ்வளவு நாள் எனக்குச் சொல்லாமல் இருந்தீர்களே. அதுவும் நர்ஸம்மாவின் எழுத்தில்தான் தெரிந்தது. அவர் கட்டில் காலியாக இருக்கிறதா, வேறு யாரும் வந்துவிட்டார்களா? ராத்திரி உங்களுக்குப் பேச்சுத்துணை யார்?

கும்ஜா இம்மாதம் மூன்றாம் தேதி போனாள்.

ஹேனாம்காரியே குவாங்ஜு வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தாள். வீடு நல்ல வீடாம். ஓட்டுக் கூரை, கரி அடுப்பு. அந்த அம்மா முதல் நாளே பெண்ணுக்குச் சோறு வைத்தாளாம். அவள் பாதியைத் தின்றுவிட்டு மீதியை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாளாம். இதை ஹேனாம்காரி என்னிடம் நல்ல சேதியாகத்தான் சொன்னாள்.

போவதற்கு முதல் நாள் அவளைக் குளிப்பாட்டித் தலை பின்னினேன். உங்கள் பழைய கம்பளிச் சட்டையைப் பிரித்து அவளுக்கு ஒரு மேல்சட்டை பின்னியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கணக்கு நோட்டை எடுத்துப் போகிறாயா என்று கேட்டேன். வேண்டாம், தோங்சு பெரியவனானால் ஆகும் என்றாள்.

படகுத்துறையில் கூட்டம். தோங்சு அக்கா பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். அவனைப் பிரித்து முதுகில் கட்டிக்கொண்டேன். படகில் காலை வைத்தபிறகு அவள் திரும்பி என்னிடம் சொன்னாள்: "அம்மா, நான் மொத்தம் நானூத்திப் பன்னெண்டு எலதாம்மா பறிச்சேன். எண்ணிக்கிட்டேதான் பறிச்சேன். நம்ம நெலம் முழுக்க போகுற அளவுக்கு நான் பறிக்கலம்மா. ஆனா என்னாலதான் போச்சு, எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் நான் இருக்கமாட்டேன்ல, நல்லா வரும்."

நான் வாயைத் திறப்பதற்குள் படகுக்காரன் மோட்டார் போட்டுவிட்டான். அந்தச் சத்தத்தில் உன்னால இல்லடி, உன்னால இல்லடி என்று கத்தினேன். கையை ஆட்டினாள். விடை சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் நான் மேட்டுக்குப் போனேன். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. கல் சுவர் மூலையை நாங்கள் தோண்டவேயில்லை, அவள்தான் அங்கே இலையைப் பிய்த்திருக்கிறாளே, என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டோம். கையால் கிளறினேன். ஒவ்வொரு செடிக்கும் மூன்று, நாலு. என் முஷ்டி பருமன். மேல்தோல் மட்டும் பனியில் கறுத்திருந்தது. அங்கே உரமும் போகவில்லை, அவள் பறித்துப் பறித்து இலையும் கலைந்திருந்தது, வெயில் உள்ளே இறங்கியிருக்கிறது. வாத்தியார் செய்யச் சொன்னதை அவர் சொல்வதற்கு முன்பே செய்தவள் நம் வீட்டில் அவள் ஒருத்திதான். அதற்குத்தான் நான் அறைந்தேன்.

அந்த மூலை ரொம்பச் சின்னது. ஒரு கூடை வந்தது. அந்தக் கூடையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இவ்வளவு நாள் அழாததற்கெல்லாம் சேர்த்து அழுதேன். ஓர் அடிக்குத் தொண்ணூறு இலை என்று எண்ணியவள் அவள்தானே. நானூற்றுப் பன்னிரண்டு இலை என்றால் ஐந்து சதுர அடி மண்கூட இல்லை, தோங்சு படுக்கிற இடம்தான். அவளுக்குக் கணக்கு வராமலா? வரும். ஆனால் அம்மா அறைந்துவிட்டாளே, அம்மா சொன்னது பொய்யாக இருக்காதே என்று கணக்கை விட்டுவிட்டாள்.

ஹேனாம்காரி மறுபடி குவாங்ஜு போனபோது அவளிடம் சொல்லி அனுப்பினேன், உன்னால் இல்லை, நீ பறித்த இடத்தில்தான் கிழங்கு இருந்தது என்று. கும்ஜா சிரித்தாளாம். "அம்மா என்னத் தேத்துறதுக்குச் சொல்லுது" என்றாளாம். கடிதமும் போட்டேன். அதற்கு அவள் பதில், நான் நன்றாக இருக்கிறேன், குழந்தை நன்றாக இருக்கிறது, தோங்சுவை நிறையத் தின்னச் சொல்லுங்கள் என்று இரண்டு வரி. என்னை அவள் இதில் நம்பமாட்டாள். நம்பாதது நியாயம்தான்.

உங்களை நம்புவாள். இலைக் கணக்கெல்லாம் அவளுக்கு உங்களிடமிருந்து வந்ததுதான். இலையை வரைந்து அனுப்பிவிட்டு அப்பா என்ன எழுதுவார் என்று படகுக்குக் காத்துக்கொண்டு நின்ற பெண். ஆகவே கேட்கிறேன். உங்களிடம் இதற்கு முன் நான் எதுவும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். கேட்டிருந்தாலும் இதை மட்டும் செய்யுங்கள். குவாங்ஜு விலாசத்தைத் தனித் தாளில் வைத்திருக்கிறேன், தபால்தலையும் வைத்திருக்கிறேன். அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பெரிதாக வேண்டாம், மூச்சு வாங்கும். ‘உன்னால் இல்லை’ என்று ஒரு வரி போதும். நர்ஸம்மா எழுத வேண்டாம். எவ்வளவு அழகான எழுத்தாக இருந்தாலும் வேண்டாம். உங்கள் கையால் எழுதுங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும், கோணலாக இருந்தால் இருக்கட்டும், அப்பா எழுத்து என்று அவளுக்குத் தெரிந்தால் போதும். உட்கார முடியாவிட்டால் படுத்தபடியே எழுதுங்கள்.

நாளைக்கு, நாளன்றைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு எழுதிவிடுங்கள். அப்புறம் படுத்துக்கொள்ளலாம்.

கும்ஜாவின் அம்மா